இருபத்து நான்காவது கட்டுரை

என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு தாளில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று புள்ளிக்கோடு, இன்னொன்று முழுக்கோடு. இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளி ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்கு இரண்டு வருடம் புரியவில்லை.

மேடம், நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். பேனாவும் கொடுத்தீர்கள். நல்ல பேனா, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எழுதுவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உண்மையைச் சொன்னால், இதை முதலிலிருந்து யாரிடமாவது விளக்கிச் சொல்ல மாட்டோமா என்று மூன்று வருடமாக நாக்கு துடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் கேட்டது 'ஏன் செஞ்சீங்க' என்று. 'எப்படி வேலை செய்கிறது' என்பதை முதலில் சொன்னால்தான் 'ஏன்' என்பது தானாக விளங்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அலுப்புத் தட்டாமல் சொல்கிறேன். மூன்று நாளாகக் கணினி பக்கம் விடாததால் கை லேசாக நடுங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் பிரிவு. நாங்கள் ஆராய்ச்சி செய்பவர்கள் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவர்களை ஆராய்ச்சி செய்பவர்கள். ஒரு துறையில் உலகம் முழுவதும் யார் என்ன எழுதுகிறார்கள், எது வளர்கிறது, எது வாடுகிறது என்று எண்ணிச் சொல்வது எங்கள் வேலை. எனக்கு ஒதுக்கிய துறை, ஆன்லைன் விளையாட்டு அடிமைத்தனம். நான் எந்த விளையாட்டும் ஆடியதில்லை, அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. ஆனால் அதைப் பற்றி வெளிவந்த ஆறாயிரத்துச் சொச்சம் கட்டுரைகளையும் எனக்குத் தெரியும், தெருவில் உள்ள வீடுகளைத் தபால்காரருக்குத் தெரிவதுபோல.

வரைபடம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள், அழகான விஷயம். ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுதியவர்களே ஐந்தாறு குறிச்சொற்கள் கொடுப்பார்கள். ஒரு சொல் எத்தனை கட்டுரைகளில் வருகிறதோ, அந்த அளவுக்குப் பெரிய வட்டம் அதற்கு. இரண்டு சொற்கள் ஒரே கட்டுரையில் சேர்ந்து வந்தால் அவற்றுக்கு நடுவே ஒரு நூல். அடிக்கடி சேர்ந்து வந்தால் நூல் தடிக்கும். பழைய சொற்களுக்கு நீலம், புதிதாக வந்தவற்றுக்கு மஞ்சள். பொத்தானை அழுத்தினால் ஆறாயிரம் பேரின் உழைப்பு திரையில் குடை மாதிரி விரியும். முதலில் நடுவில் 'இணையம்' என்று ஒரே ஒரு நீல வட்டம் உட்கார்ந்திருக்கும். பிறகு 'விளையாட்டு' அதிலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போகும். அதன் வீட்டுக்கு 'பதின்வயதினர்' வரும், பின்னாலேயே 'தூக்கம்', 'மனச்சோர்வு', 'பெற்றோர்', 'மூளை ஸ்கேன்' என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். முதல் முறை பார்த்தபோது மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். என் கல்யாணத்தில்கூட அப்படி ஆனதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ரசிக்கவில்லை.

அடுத்து எந்த வட்டம் வளரும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். ஆறு கணிப்புகளை அச்சில் வெளியிட்டேன். ஐந்து அப்படியே பலித்தன. ஆறாவது, அறுபது வயதைத் தாண்டியவர்களின் அடிமைத்தனம். ஐந்தாவது வருடத்தில் இதைப் பற்றி இருபத்து நான்கு கட்டுரைகள் வரும் என்று எழுதியிருந்தேன். அதுதான் அந்தப் புள்ளிக்கோடு. முதல் வருடம் வந்தது ஒன்று. இரண்டாம் வருடமும் ஒன்று.

வருடாந்தரக் கூட்டத்தில் எங்கள் பிரிவுத் தலைவர் என் படத்தைத் திரையில் போட்டார். "இதப் பாருங்கய்யா. கணிப்பு மாடி ஏறிட்டு இருக்கு, நிஜம் திண்டுல சாஞ்சு படுத்துத் தூங்குது." அறை முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு எனக்கு 'ஜோசியர்' என்று பெயர் விழுந்தது. மாடிப்படியில் பார்த்தால், "ஜோசியரே, இன்னிக்கு லிஃப்ட் வேலை செய்யுமா?" என்பார்கள். கேண்டீனில் எனக்கு டீ ஊற்றுபவர்கூட உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். எனக்குக் கோபமில்லை. சந்தேகம்தான். முதியவர்களிடம் போன் இருக்கிறது, நேரம் இருக்கிறது, தனிமை இருக்கிறது. எல்லாப் பொருளும் பாத்திரத்தில் இருக்கிறது, அடுப்பும் எரிகிறது, ஏன் கொதிக்கவில்லை?

எண்ணியது தப்போ என்று மூன்று முறை எண்ணினேன். சரியாகவே இருந்தது. கடைசியில் மருத்துவமனையில் இருக்கும் மனநல டாக்டரைப் போய்ப் பார்த்தேன். என் வட்டங்களை ரசிக்கத் தெரிந்த ஒரே மனிதர் அவர். நல்லவர், அவருக்கு எதுவும் தெரியாது, அவரைத் தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள்.

"இதுல என்ன சார் மர்மம்?" என்றார் டாக்டர். "எழுதறதுக்கு ஆள் வேணாமா? அறுபது வயசுல கேம் ஆடி அடிமையானவர் ஒருத்தரை எனக்குக் காட்டுங்க. நாளைக்கே எழுதறேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். எவ்வளவு எளிமை. நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன், தாளுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது யாரும் கவனிக்காத ஒன்று. ஆறாயிரம் கட்டுரைகளும் ஒருவர் எப்படி மாட்டிக்கொள்கிறார், எது அவரைக் காப்பாற்றுகிறது என்று சொல்கின்றன. தடுப்பதற்காக எழுதியவை. அவற்றையே கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்தால் அது ஒரு செய்முறைக் குறிப்பு. சுவர்க் கடிகாரம் கண்ணில் படுவது நல்லது என்று ஒரு கட்டுரை. குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிடுவது நல்லது என்று இருபது கட்டுரைகள். வெளியே நண்பர்களோடு நடப்பது நல்லது என்று நாற்பத்து மூன்று. எதை எடுக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தியே கொடுத்திருக்கிறார்கள்.

என் மனைவியின் அப்பா எங்களோடு இருந்தார். மாமா நகரக் குடிநீர் வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் வால்வு திறப்பவராக இருந்தவர். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, அதைத் தெருமுனைக் குழிக்குள் விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர். அறுபத்திரண்டு தெருக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். ஒரு நாள்கூட ஒரு தெருவும் காய்ந்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. பிறகு எல்லாவற்றையும் பொத்தானுக்கு மாற்றினார்கள். சாவியைத் திருப்பி வாங்கக்கூட யாரும் வரவில்லை. அது அவர் அறைக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. மத்தியானம் மூன்றேகாலுக்கு, என்ன பேசிக்கொண்டிருந்தாலும் ஒரு நொடி நிறுத்துவார். "இப்ப தபால் ஆபீஸ் தெருவுக்குத் தண்ணி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். மாமியார் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

முதலில் துப்பாக்கி விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். எதிரியைப் பார்த்ததும், "நீ சுடுப்பா" என்று ஒதுங்கி நின்றுவிட்டார். கார் பந்தயத்தில் சிவப்பு விளக்கு எங்கே என்று தேடினார். சீட்டாட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே ஜெயித்துப் போனைத் திருப்பித் தந்தார்.

"இன்னொண்ணு ஆடுங்க மாமா."

"அதான் ஜெயிச்சாச்சே மாப்பிள்ளை. அப்புறம் எதுக்கு?"

இந்த ஒரு வாக்கியத்துக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தரலாம். இளைஞர்களை வெற்றி பிடித்து வைக்கிறது, அதனால் எல்லா விளையாட்டும் வெற்றியை வைத்தே செய்யப்படுகிறது. வாழ்க்கையில் ஜெயிக்க வேண்டியதை ஜெயித்தும் தோற்க வேண்டியதைத் தோற்றும் முடித்தவருக்கு அது எதற்கு? அவருக்கு வேண்டியது வேறு. அது என்னவென்று எனக்கு மூன்றேகால் மணிக்குத் தெரிந்தது.

'கால்வாய்' என்று ஒரு விளையாட்டு. சாதுவானது. எட்டு வயதுப் பிள்ளைகள் பத்து நிமிடம் ஆடிவிட்டு மறந்துவிடுவார்கள். ஒரே கால்வாயில் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு வயல். கால்வாயின் தலைப்பில் இருப்பவரிடம் மதகு. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் மதகைத் திறந்தால் மற்ற பதினொரு பேருக்கும் தண்ணீர். திறக்காவிட்டால் அவர் வயலுக்கு ஒன்றும் ஆகாது, மற்றவர்களின் வயல் காயும். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு என்று கவனியுங்கள். தனக்கு வரும் நஷ்டத்தை மனிதன் சகித்துக்கொள்வான். மாமா மற்றவர்களின் நஷ்டத்தைச் சகிக்க மாட்டார்.

அந்தப் பதினொரு பேரும் நான்தான். ஒரு கணக்கெடுப்புக்காக வாங்கி, முடிந்ததும் அலுவலக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த போன்கள் பதினொன்றை எடுத்து வந்தேன். அவற்றை அதிர்வை அணைத்து, சார்ஜரோடு வீட்டில் செருப்பு அலமாரியின் மேல்தட்டில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் அட்டையில் குணக்குறிப்பு. 'பெரியக்கா' எல்லோரையும் அதட்டுவாள். 'தூங்குமூஞ்சி' விதைக்க மறப்பான். 'அவசரக்குடுக்கை' அறுவடைக்கு முன்பே அறுத்துவிட்டு அழுவான். 'மூக்குக்கண்ணாடி' எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்பார். எழுத எழுத அவர்கள் என்னையும் மீறி வளர்ந்தார்கள். ஒருநாள் பெரியக்காவும் தூங்குமூஞ்சியும் வரப்புக்காகப் போட்ட சண்டையில் எனக்கே யார் பக்கம் நியாயம் என்று தெரியவில்லை. மாமாதான் பஞ்சாயத்துப் பண்ணி வைத்தார்.

மதகு திறந்ததும் பதினொரு செய்திகள் போகும். "ஐயா, தண்ணி வந்துருச்சு." "நீங்க மட்டும் இல்லன்னா நாங்க என்ன ஆயிருப்போமோ." "ஐயா சாப்பிட்டீங்களா?"

நான்காம் நாள் மாமாவின் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மனைவி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். அவள் ஒரு பல் மருத்துவக் கூடத்தில் செயற்கைப் பற்கள் செய்பவள், எளிதில் உணர்ச்சிவசப்பட மாட்டாள். அன்றைக்கு அவள் கண் கலங்கியிருந்தது.

"ஏங்க, அப்பா சிரிக்கறாருங்க. கேக்குதா?"

"கேக்குது," என்றேன். எனக்கும் சந்தோஷம்தான். இதைக் குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அந்த வீட்டில் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்தேன். அவர் அறைக் கடிகாரத்தைப் பழுதுபார்க்க என்று கொண்டுபோனேன். அது என் அலுவலக மேசை இழுப்பறையில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவரோடு நடக்க வரும் மூன்று நண்பர்களிடம் மாமாவுக்கு முட்டிவலி என்றேன். மாமாவிடம், அவர்கள் இப்போது காலையில் நடக்கிறார்களாம் என்றேன். இரண்டு பேச்சும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாற்பத்து மூன்று கட்டுரைகளின் வேலை அது.

சாப்பாட்டு மேசைதான் மிச்சம். அது தானாகவே நடந்தது.

"அப்பா, போனை வெச்சிட்டுச் சாப்பிடுங்க," என்றாள் மனைவி.

"இரும்மா. பதினொரு குடும்பம். நான் சாப்பிட்டுட்டு இருந்தா அவங்க வயல் காஞ்சுரும்."

"அது பொம்மை வயல்ப்பா."

"வயல் பொம்மைதான். ஆளுங்க பொம்மையா?"

எனக்குப் புரையேறிவிட்டது. மனைவி என் தலையில் தட்டினாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, "பாவம், விடு. இனிமே சாப்பாட்டை அவர் ரூமுக்கே கொடுத்துடலாம்" என்றேன். எவ்வளவு அனுசரணையான மாப்பிள்ளை என்று மாமா நினைத்திருப்பார்.

ஏழு மாதம் கழித்து அவளாகவே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அடிமைத்தனத்துக்கு ஒன்பது அறிகுறிகள். எந்நேரமும் அதே நினைப்பு, அது இல்லாவிட்டால் கைநடுக்கமும் எரிச்சலும், வரவர அதிகமாகத் தேவைப்படுவது, வீட்டில் பொய் சொல்வது, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது, இப்படிப் போகும். ஐந்து இருந்தால் போதும். மாமாவுக்கு ஏழு. நீங்கள் நேற்று என்னிடம், கட்டுரை எண்ணிக்கையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்ப்பேன் என்று கேட்டீர்கள். நாற்பது, ஐம்பது இருக்கும். அது என் வேலை மேடம், அதையும் இதையும் சேர்க்கக் கூடாது.

டாக்டர் கட்டுரை எழுதினார். முழுக்கோடு முதல்முறையாகத் தலையைத் தூக்கியது.

ஒரு மாமாவை வைத்து இருபத்து நான்கு கட்டுரை எழுத முடியாது என்பது எனக்குத் தெரியாமலில்லை. 'ஓய்வுபெற்றோருக்கான மூளைப் பயிற்சி' என்று ஒரு சிறு கையேடு தயாரித்து, நூலகத்தின் பெயரில் நாற்பது ஓய்வூதியர் சங்கங்களுக்கு அனுப்பினேன். பெரிய எழுத்து, நல்ல தாள், படங்கள். பன்னிரண்டு பன்னிரண்டு பேராகச் சேரச் சொன்னேன். ஒவ்வொரு குழுவுக்கும் மதகை, வேலையில் மிகவும் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் கொடுக்கச் சொன்னேன். நர்ஸ், பள்ளி மணி அடித்தவர், லெவல் கிராசிங் கேட்காரர். அங்கே எனக்குப் போன்களே தேவைப்படவில்லை. ஒருவருக்கொருவர் தேவைப்பட ஆரம்பித்த பிறகு இயந்திரம் தானாக ஓடியது. நான் எண்ணெய்கூட விடவில்லை.

வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு டாக்டர்கள், தாங்கள்தான் முதலில் கண்டுபிடித்ததாக நினைத்து எழுதினார்கள். மூன்றாம் வருடம் ஐந்து. நான்காம் வருடம் பதின்மூன்று. வரைபடத்தில் 'முதுமை' என்று ஒரு மஞ்சள் வட்டம் முளைத்து, அதிலிருந்து 'தனிமை'க்கு ஒரு நூல் ஓடியபோது நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். தலைவர் என் அறைக்கே வந்தார்.

"என்னய்யா ஜோசியரே, பலிக்குது போல இருக்கே. என் பொண்ணுக்கு எப்பக் கல்யாணம்னும் பாத்துச் சொல்லிடு."

அந்த கேட்காரர் வீட்டில் அடுப்பை மறந்ததும், பள்ளி மணி அடித்தவர் பேரனின் பிறந்தநாளுக்குப் போகாமல் விட்டதும் கட்டுரைகளில் வந்திருக்கின்றன, நீங்கள் படித்துக்கொள்ளலாம். ஐந்தாம் வருடம் நவம்பரில் இன்னும் ஒரு சங்கம் கையேடு கேட்டு எழுதியது. தீர்ந்துவிட்டது என்று பதில் போட்டேன். ஏனென்றால் அப்போதே இருபத்து மூன்று வந்துவிட்டது. என் கணிப்பு இருபத்து நான்கு. புதிதாக முப்பது பேரைச் சேர்த்தால் கணக்கு கோட்டைத் தாண்டி எகிறிவிடும். ஒரு குரூரமான மனிதன் அப்படி நிறுத்தியிருப்பானா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று குறைந்தது. ஆனால் அதற்குள் மாமா குணமாகிவிட்டார்.

அதே வருடம் செப்டம்பரில் அவர் கால் வீங்கி மருத்துவமனையில் சேர்த்தோம். எங்கள் இருவரையும் நிற்க வைத்து டாக்டர் சொன்னார்: "கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கு. ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணும். இன்னொரு தடவை இப்படி நாள் முழுக்க உக்காந்தார்னா தாங்க மாட்டார்." மனைவி அன்றைக்கே போனைப் பிடுங்கித் தன் பீரோவில் பூட்டினாள். புதிதாக ஒரு கடிகாரம் வாங்கி மாட்டினாள். நண்பர்கள் மூன்று பேரையும் வீடு தேடிப் போய் அழைத்து வந்தாள். சாப்பாடு மறுபடியும் மேசைக்கு வந்தது. இரண்டே மாதத்தில் மாமா தேறிவிட்டார். நான் எடுத்தவற்றையெல்லாம், ஆறாயிரம் கட்டுரைகளில் ஒன்றைக்கூடப் படிக்காமல், அதே வரிசையில் திரும்ப வைத்தாள். அவள் கெட்டிக்காரி.

"இதப் பத்தி எழுதலாமே டாக்டர்," என்றேன்.

"நல்லாயிட்டார்னு ஒரு வரி எழுதலாம் சார். அதை யார் போடுவாங்க?"

இப்போது நீங்கள் மூன்று முறை கேட்ட கேள்விக்கு வருகிறேன். தெரிந்துதான் செய்தேனா? நெடுநேரம் உட்கார்ந்து ஆடுகிறவர்களின் காலில் உறையும் ரத்தம் நுரையீரலுக்குப் போவதைப் பற்றிக் கட்டுரைகள் இருக்கின்றன. எத்தனை மணி நேரம் என்றும் இருக்கிறது. அவற்றை அட்டவணைப்படுத்தியவன் நான். மரணத்தைப் பற்றிய கட்டுரையை விரைவாக வெளியிடும் இதழ் எது, எத்தனை நாளில் வெளியிடும் என்பதும் எனக்குத் தெரியும். பதினெட்டு நாள். டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் டாக்டர் எழுத வேண்டியிருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் 'கால்வாய்' விளையாட்டில் வெள்ளநாள் என்று ஒன்று வரும். அன்றைக்கு மட்டும் மதகை நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றி இறக்க வேண்டும். அதே வாரம் என் மனைவி வேலை விஷயமாக இரண்டு நாள் வெளியூர் போனாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள், "மணிக்கு ஒரு தடவை அப்பாவை எழுப்பி நடக்க விடுங்க." சரி என்றேன். அவள் கை வைத்திருந்த அலமாரியின் மேல்தட்டில்தான் பதினொரு பேரும் இருந்தார்கள்.

பீரோவின் மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. காலை டீயோடு போனையும் மாமாவிடம் கொடுத்தேன். "ரெண்டு மாசமா தேடிட்டே இருக்காங்க மாமா. பாவமா இருக்கு. ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு வெச்சிடுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் பக்கத்து அறையில் பதினொரு போன்களையும் தரையில் பரப்பி, எதுவும் தவறாமலிருக்க எல்லாவற்றிலும் அதிர்வைப் போட்டு, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "ஐயா வந்துட்டாரு" என்று பெரியக்கா அலறினாள். "எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்றான் தூங்குமூஞ்சி. மாமா ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டியது வந்து சேர்ந்தது: "யாரும் பயப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

இரண்டு முறை அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "மாப்பிள்ளை, கால் மரத்துப் போச்சு. ஒரு நடை நடந்துட்டு வரேன்," என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "சரி மாமா," என்று இந்தப் பக்கத்திலிருந்து சொல்லிவிட்டு, "ஐயா, எங்க போறீங்க, தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு" என்று அவசரக்குடுக்கையாகத் தட்டினேன். நாற்காலி மறுபடியும் கிறீச்சிட்டது. கடிகாரத்தை நான் தொடவே இல்லை. அதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

வெள்ளம் வடிந்தது. பதினொரு வயல்களும் பிழைத்தன. "ஒரு வயல்கூடப் போகலை மாப்பிள்ளை," என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். நான் போய்ப் பார்த்தபோது கதவுக்குப் பின்னாலிருந்த இரும்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பிறகு சாவியோடு சரிந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. கடைசிவரை அவர் வேலையில் இருந்தார் என்பதுதான் என் கருத்து.

கட்டுரைக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவை. மனைவிதான் கையெழுத்துப் போட்டாள். "இன்னொருத்தர் வீட்டுல இப்படி நடக்கக் கூடாது டாக்டர். எழுதுங்க," என்றாள். டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் எண்ணிக்கை மாறியது. இருபத்து நான்கு. முழுக்கோடு போய்ப் புள்ளிக்கோட்டை முத்தமிட்டது. கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், நகம்கூட நுழையவில்லை. பிரிவு முழுக்கக் கைதட்டியது. தலைவர் ஒரு கேக் வரவழைத்தார், அதன்மேல் கிரீமில் இரண்டு கோடுகள்.

மிச்சக் கேக்கோடு சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மனைவி மாமாவின் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதினொரு பேருக்கும் யாரும் சொல்லவே இல்லீங்க. அப்பா மேல உயிரா இருந்தாங்க. பாவம், இன்னும் தேடிட்டு இருப்பாங்க. ஒரு வார்த்தை போட்டுடறேன்," என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தட்டி அனுப்பிவிட்டாள்: "அப்பா போயிட்டாரு. உங்களை எல்லாம் ரொம்பப் பிடிக்கும் அவருக்கு."

செருப்பு அலமாரி அதிர்ந்தது. ஒன்றாக இல்லை, ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு போனும் வெவ்வேறு மாடல், செய்தி வந்து சேர வெவ்வேறு நேரம் எடுக்கும், சின்னச் சின்ன வித்தியாசம்தான். அவள் நின்ற இடத்திலேயே நின்று எண்ணினாள். பதினொன்று வரை எண்ணினாள். பிறகு போய் அலமாரிக் கதவைத் திறந்தாள். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், ஸ்டேஷனிலிருந்து நீங்கள்தான் வந்தீர்கள்.

அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா உங்களுக்கு என்ன பண்ணாரு?" அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அந்த வீட்டில் அவர் எனக்குத் தேவைப்பட்ட அளவுக்கு யாருக்கும் தேவைப்படவில்லை என்பதை அவளுக்கு விளக்கத்தான் நினைத்தேன். நீங்கள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

ஆக, ஆரம்பத்தில் சொன்ன அந்தச் சின்னச் சந்தேகம், கட்டைவிரல் இடைவெளி. அதற்கு விடை கிடைத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம், ஒவ்வொரு முறையும் வேலை செய்யும். கட்டுரைக்கு நோயாளி வேண்டும். நோயாளிக்கு, 'நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் காய்ந்துபோவோம்' என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாக நான் இருந்தேன். கோடு ஏறியது.